உறுமுகிற நாய்க்கு யாரைக் கூப்பிடுவது?

நாய் கடித்த பிறகுதான் பெரும்பாலும் எனக்குத் தொலைபேசி வருகிறது. கடிப்பதற்கு முன் அது உறுமியிருக்கும். உறுமுவதற்கு முன் முகத்தைத் திருப்பியிருக்கும், உதட்டை நக்கியிருக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டிருக்கும், கை பட்டதும் ஒரு கணம் உடம்பு விறைத்து நின்றிருக்கும். அந்த மாதங்களில் யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து பயிற்சியும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதனால் நான் முதலில் கேட்பது, "அவர் வந்து என்ன செய்தார்?" என்பதைத்தான். அதற்கு வரும் பதிலிலேயே நாயின் கதை பாதி தெரிந்துவிடும்.

வேப்பேரிக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் படித்து, சென்னையில் தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சல், கருத்தடை அறுவை என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். "மருந்து வேண்டாம் டாக்டர், இவன் குணத்தை மாற்ற ஏதாவது சொல்லுங்க" என்று வருகிறவர்கள் பெருகப் பெருக, நாய்களின் நடத்தையைத் தனியாகப் படித்தேன். இப்போது என் வேலையில் பெரும்பகுதி அதுதான். வருகிறவர்களுக்கு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதைவிட, உதவிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல வேண்டியதுதான் அதிகமாக இருக்கிறது. தவறான ஆள் கையில் போய்வந்த நாயைச் சரிசெய்வது, யார் கையும் படாத நாயைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கடினம்.

நம் நாட்டில் கால்நடை மருத்துவம் பார்க்கப் பதிவு வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் அதைச் சொல்கிறது. நாய்ப் பயிற்சியாளர் என்றோ பிஹேவியரிஸ்ட் என்றோ பெயர்ப்பலகை மாட்ட எந்தப் பதிவும் தேவையில்லை. காவல்துறை நாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கென்னலில் உதவியாளராக இருந்தவர், இணையத்தில் வார இறுதிப் படிப்பு முடித்தவர், வருடக்கணக்கில் முறையாகக் கற்றவர் என எல்லாரும் ஒரே பெயரில் வருகிறார்கள். வெளிநாட்டு அமைப்புகளின் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர்கள் நம் ஊரிலும் சிலர் இருக்கிறார்கள். அது நல்ல அடையாளம்தான். ஆனால் சான்றிதழை மட்டும் நம்பி நாயை ஒப்படைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.

அண்ணா நகரில் ஒரு லேப்ரடார். சோபாவில் படுத்திருக்கும்போது வீட்டுப் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் உறுமும். வந்த பயிற்சியாளர் பையனின் அப்பாவிடம், "இது உங்களைத் தலைவனா மதிக்கல சார். உறுமினா தரையில மல்லாத்திப் போட்டு, அடங்குற வரைக்கும் அழுத்திப் பிடிங்க" என்றிருக்கிறார். அவரும் செய்தார். சில வாரங்களில் உறுமல் நின்றது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. பிறகு ஒரு மாலை, ஒரு சத்தமும் இல்லாமல் பையனின் முன்கையைக் கவ்விவிட்டது.

உறுமல் நின்றதே ஒழிய, உறுமவைத்த பயம் அப்படியே இருந்தது. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அந்தப் படியைத் தாண்டி நேரே கடிக்குப் போகிறது. "உறுமலை நிறுத்தித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் நான் பதறுவது இதனால்தான். "தள்ளிப் போ" என்று சொல்ல நாய்க்கு இருக்கிற கடைசி மரியாதையான வழி அது. அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சமிருப்பது பல் மட்டும்.

இந்தத் "தலைவன்" பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நம் ஊர்ப் பயிற்சியாளர்களில் பாதிப் பேர் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைக் குறுகிய இடத்தில் சேர்த்து அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். அதை அவர் தலைமைக்கான போட்டியாகப் பார்த்தார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் நூல் வழியாக, கூட்டத்தின் தலைவனைக் குறிக்கும் 'ஆல்ஃபா' என்ற சொல் உலகமெங்கும் போனது. பிறகு அதே மெக், கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் அருகிலிருந்து கவனித்தார். ஓநாய்க் கூட்டம் என்பது அநேகமாக ஓர் அப்பா, ஓர் அம்மா, அவற்றின் குட்டிகள், அவ்வளவுதான் என்று 1999-இல் எழுதினார். தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்தை வைத்து ஒரு லேப்ரடாரை மல்லாத்துகிறோம். அதுவும் அது ஓநாய்கூட இல்லை. ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக மனிதனோடு வாழ்ந்து வந்த நாய்.

மல்லாத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை நடத்தைப் பிரிவுக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களை விசாரித்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது அல்லது கடித்திருக்கிறது. மல்லாத்திப் பிடித்தவர்களில் 31 சதவீதம். கண்ணுக்குக் கண் முறைத்தவர்களில் 30 சதவீதம். இதைச் செய்யச் சொன்னவர் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். செய்கிறவர் அந்த வீட்டிலேயே இருப்பவர், பக்கத்தில் குழந்தை.

சரி, நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? வந்தவுடன் அவர் நாயைத் தொடுகிறாரா என்று பாருங்கள். கடிக்கிற நாய் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். உள்ளே நுழைந்ததும் நேரே போய் அதன் தலையில் கை வைத்து, "பார்த்தீங்களா, என்கிட்ட எப்படி அடங்குது" என்று காட்டுகிறவர் எனக்கு வேண்டாம். புதியவரைக் கண்டு உறைந்துபோன நாயும் அடங்கின நாயும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தெரிந்தவர் ஓரமாக உட்கார்ந்து உங்களிடம் பேசுவார். நாய் தூரத்திலிருந்து மோப்பம் பிடிக்கட்டும் என்று விடுவார். அவருடைய கேள்விகள் முடிவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எப்போது வாங்கினீர்கள், தாயிடமிருந்து எத்தனை வாரத்தில் பிரித்தார்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறது, எங்கே தூங்குகிறது, யார் சாப்பாடு போடுவது, கடித்ததற்கு ஐந்து நிமிடம் முன்னால் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, கடித்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், தோல் கிழிந்ததா, பல் எவ்வளவு ஆழம் இறங்கியது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காதவரை அன்றைக்கே அனுப்பிவிடலாம். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், வீட்டு நாய் கடித்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லித் தருவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

வீட்டில் யாரிடம் கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். பல வீடுகளில் நாயை வாங்கியவர் காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு திரும்புகிறவர். பகல் முழுக்க அதோடு இருப்பது பாட்டியோ வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவோதான். வளசரவாக்கத்தில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் வீட்டில், கணவனும் மனைவியும் அது எப்போது சீறும் என்றே சொல்ல முடியாது, காரணமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "உங்களைக் கடிச்சிருக்காம்மா?" என்று கேட்டேன். "என்னை எதுக்கு டாக்டரம்மா கடிக்கப்போவுது? நான் முன்னாடி வந்து பேர் சொல்லித்தான் எழுப்புவேன். பின்னாடி இடுப்புல கை வச்சாத்தான் அதுக்கு ஆவாது. படிக்கட்டு ஏறுறப்பகூட நின்னு நின்னுதான் ஏறுது" என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். இரண்டு இடுப்பு மூட்டுகளும் தேய்ந்திருந்தன. வலிக்கு மருந்து கொடுத்து, வழுக்குகிற டைல்ஸ் தரையில் அது நடக்கும் பாதையெல்லாம் ரப்பர் பாய் போட்டு, பின்பக்கத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டதில் சீற்றம் பெரும்பாலும் போய்விட்டது. அதற்கு முந்தைய மாதம் அந்த நாயை ஓடவிட்டு, உட்கார் எழுந்திரு என்று மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். உட்காரச் சொன்னபோதெல்லாம் வலித்திருக்கும்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவரோடு வேலை செய்கிறவர்களும் 2020-இல் எழுதியதை என் மேசை மேல் வைத்திருக்கிறேன். நடத்தைப் பிரச்சினை என்று அனுப்பப்படும் விலங்குகளில் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது, சில மருத்துவர்களிடம் வருபவற்றில் அது 80 சதவீதம்வரை போகிறது என்கிறார்கள். காதுப் புண், பல் வலி, மூட்டுத் தேய்மானம், வயிற்றுக் கோளாறு என்று எதுவும் இருக்கலாம். ஆகவே முதல் சந்திப்புக்கு முன்னால் மருத்துவரிடம் காட்டி வாருங்கள் என்று சொல்கிற பயிற்சியாளரை நம்பலாம். மருத்துவர் அல்லாத ஒருவர் மாத்திரை எழுதித் தந்தால் நம்ப வேண்டாம். பயம் மிகுந்த நாய்களுக்கு ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மருந்துகள் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அவை வேலை செய்யத் தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், பதிவு பெற்ற மருத்துவர்தான் எழுத வேண்டும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும்.

இனத்தைப் பற்றி ஒருவர் என்ன பேசுகிறார் என்பதும் முக்கியம். ஓஎம்ஆரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ராஜபாளையம் ஒன்று. பால்போல வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. தண்ணீர் கேன் போடுகிறவர் மேல் இரண்டு முறை பாய்ந்துவிட்டது. குடியிருப்போர் சங்கம் நாயை வெளியேற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தது. அதற்கு முன் வந்தவர், "இது பன்றி வேட்டை நாய் சார், ரத்தத்திலேயே ஊறினது. சொன்னாக் கேக்காது, கழுத்துல ஷாக் காலர் போட்டாத்தான் சரிப்படும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேட்டை நாய் என்றது உண்மைதான். ஆனால் முழு வெள்ளையான ராஜபாளையங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை அடிக்கடி வருகிறது; தென் மாவட்டங்களில் அந்த இனத்தை வளர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அது தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன், பிறகு ஒரு எவர்சில்வர் தட்டைத் தட்டினேன். காது மடல்கூட அசையவில்லை. சொன்னால் கேட்காத நாய் அல்ல, சொன்னது காதில் விழாத நாய். கதவு திறந்திருக்கும்போது ஒரு ஆள் தோளில் பெரிய நீலக் கேனோடு திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கிறார். காது கேட்கிற நாய்க்கு லிஃப்ட் சத்தமும் செருப்புச் சத்தமும் முன்கூட்டியே சொல்லிவிடும். இதற்கு யாரும் சொல்லவில்லை.

அங்கே செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல திட்டம் எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. முதல் நாளே பயிற்சி எதுவும் இல்லை. வாசலுக்கு உட்புறம் இடுப்புயரக் கம்பிக் கதவு ஒன்று போட்டோம். தண்ணீர் கேன்காரர் வருவதற்கு முன் போன் செய்வார், கேனை வெளியே வைத்துவிட்டுப் போவார். இனி பாய்வதற்கே வாய்ப்பில்லை என்று ஆன பிறகுதான் மற்றது. கூடைபோன்ற வாய்மூடியை நாய் தானாக மூக்கை நுழைத்து விரும்பிப் போட்டுக்கொள்ளப் பழக்கினோம், அதற்கே வாரங்கள் ஆயின. தரையைக் காலால் தட்டி, அதிர்வு உணர்ந்து திரும்பிப் பார்த்தால் தின்பண்டம். கையசைவுகளில் 'வா', 'இரு'. பிறகு நடைக்கூடத்தின் கடைசியில் ஒருவர் கேனோடு தோன்றுவார். நாய் பார்க்கும், ஆனால் பதறாத தூரம் அது. பார்த்த உடனே வேகவைத்த கோழித் துண்டு. ஆள் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். நாய் விறைத்தால் மறுபடி பின்னுக்குப் போனோம்.

இந்த முறை நேற்று வந்ததல்ல. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய, மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற குழந்தையிடம் இதையே செய்து 1924-இல் எழுதினார். குழந்தை தனக்குப் பிடித்ததைத் தின்னும்போது முயலைத் தூரத்தில் வைத்து, நாளடைவில் பக்கத்தில் கொண்டுவந்தார். நூறு ஆண்டுகள் கடந்தும் எங்களிடம் இருப்பதில் சிறந்த கருவி இதுதான்.

அதனால், கட்டணம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? தவறாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும்? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வர வேண்டும். "திருத்துவோம்", "பேலன்ஸ் பண்ணுவோம்", "எனர்ஜி காட்டுவோம்" என்றால், கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் நாயிடம் அல்ல. ஷாக் காலரை "வெறும் அதிர்வுதான், வலிக்காது" என்பார்கள். நாய் எதைத் தவிர்க்க ஓடுகிறதோ அது அதற்கு வலியோ பயமோ தரத்தான் செய்யும். இல்லையென்றால் அந்தக் கருவி வேலையே செய்யாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் அடிப்பதையும் உதைப்பதையும் குற்றம் என்கிறது. பயிற்சி என்ற பெயர் வைத்தால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை வழியில் பழகிய நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் எச்சிலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் கூடியிருந்தது, பயிற்சியின்போது அவை அதிகமாகப் பதற்றம் காட்டின. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், கடிக்கிற நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் பரிந்துரைக்கிறது. கடிக்கிற நாய்க்கு மட்டும் கடுமை வேண்டும் என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை.

"ஒரு மாசம் எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க, ரெடி பண்ணித் தர்றோம்" என்பவர்களிடம் பயம், ஆக்ரோஷம் உள்ள நாயை விடாதீர்கள். பிரச்சினை உங்கள் கூடத்தில், உங்கள் சோபாவில், உங்கள் பையனோடு நடக்கிறது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் கற்றது கூடத்துக்குத் தானாக வந்து சேராது. அங்கே என்ன செய்தார்கள் என்று நீங்கள் பார்க்கவும் முடியாது. உத்தரவாதம் கொடுப்பவர்களிடமும் அதே எச்சரிக்கை. உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு நூறு சதவீத உத்தரவாதம் தருகிறவர், அந்த நடத்தை எதனால் வருகிறது என்று யோசித்தவராக இருக்க முடியாது.

சில வீடுகளில் நான் கெட்ட செய்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தவழ்கிற குழந்தை இருக்கும் சின்ன வீடு, ஆழமாகக் கடித்த பெரிய நாய், பிரித்து வைக்கத் தனி அறை இல்லை. அங்கே பயிற்சித் திட்டம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவது நேர்மையல்ல. வேறு வீடு தேட முடியுமா, எந்த மாதிரி வீடு, அங்கே கடித்த வரலாற்றை மறைக்காமல் எப்படிச் சொல்வது என்றெல்லாம் உட்கார்ந்து பேசுவோம். மிக அரிதாக, கருணைக்கொலை பற்றியும் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை எடுக்கத் தயங்குகிறவரும், வந்த முதல் நாளே எடுக்கிறவரும் இந்த வேலைக்குப் பொருந்தாதவர்கள்.

நடுவில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நன்கு படித்தவர்கள்கூடப் பயிற்சியாளர் முன் வாயடைத்துப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்; வாக்கிங்கில் வேறு நாயைக் கண்டால் குரைத்துக்கொண்டு பாயும். பயிற்சியாளர் கழுத்தை இறுக்கும் சங்கிலி போட்டு, மற்றொரு நாய் எதிரில் வந்தபோது வெடுக்கென்று இழுத்திருக்கிறார். நாய் வீல் என்று கத்தியது. பெரியவர், "போதும் தம்பி, கயிற்றை என்கிட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டு, அன்றைய கட்டணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். "இன்னும் நாலு வகுப்பு பாக்கி இருக்கே சார்" என்றதற்கு, "பரவாயில்லை" என்றிருக்கிறார்.

பிறகு என்னிடம் வந்தார். மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸ் வாங்கினோம். நாய்கள் குறைவாக வரும் நேரத்துக்கு வாக்கிங்கை மாற்றினோம். எதிரில் ஒன்று வருவது தெரிந்தால், இவருடைய நாய் விறைப்பதற்கு முன்பே தெருவின் மறுபக்கம் போய்விட வேண்டும். அது அங்கிருந்து அந்த நாயைப் பார்த்தால் பரிசு. இப்போது அது பார்க்கிறது, பிறகு இவரைத் திரும்பிப் பார்க்கிறது, துண்டை வாங்கிக்கொண்டு நடக்கிறது. மற்ற நாய்களோடு விளையாடுவதில்லை. விளையாட வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் திட்டத்தில் எழுதவில்லை.